வைரஸ் கிருமியும் நீரிழிவு நோயும்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்று நம் முன்னோர் கூறினர். கட்டுரைப் போட்டிகளில் இந்தப் பழமொழியை எத்தனையோ முறை எழுதிப் பரிசும் வாங்கியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது சென்ற ஆண்டு மழைக்காலத்தில்தான்.

சென்ற ஐப்பசி மாதம், நம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை வலி, உடம்பு வலி, இரண்டு நாள் வாந்தி. அப்போது எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இருந்த காய்ச்சல்தான் அது. ஐந்தாம் நாள் எழுந்து பள்ளிக்கு வந்துவிட்டாள். ஆனால் அதன் பின் எந்நேரமும் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். இரவில் நான்கைந்து முறை எழுந்து வெளியே போனாள். வயிறு நிறையச் சாப்பிட்டும் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. பத்து வயதுப் பெண் பாயை நனைத்தாள். அவளும் நானும் ஒரே பாயில் படுப்பவர்கள். எனக்குப் பரீட்சை நேரம். கோபம் வந்தது. ஒரு நாள் இரவு அவள் தலைமாட்டில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து அலமாரியின் மேல் வைத்துவிட்டு, "குடிச்சாத்தானே நனைப்பே, பேசாமப் படு" என்று அதட்டினேன். அவளும் பேசாமல் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை அவளுக்கு மூச்சு வேகமாக வாங்கியது. வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். வாயிலிருந்து அழுகிய பழம் போல ஒரு வாசனை. ஆஸ்பத்திரியில் அவள் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சில நொடிகளில் விடை தெரிந்துவிட்டது. நீரிழிவு நோய்! இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் பிழைப்பதே அரிது என்றார் டாக்டர். நான்கு நாட்கள் தீவிர சிகிச்சைக்குப் பிறகுதான் எங்கள் தங்கம் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தாள்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "மிட்டாய் தின்னே வந்துச்சு" என்றார் பாட்டி. "நான் என்ன பாவம் பண்ணினேனோ" என்று அழுதார் அம்மா. "நம்ம ரெண்டு பக்கத்திலும் யாருக்கும் சின்ன வயசுல சர்க்கரை கிடையாதே, காய்ச்சல்ல வந்த வினையா டாக்டர்?" என்று கேட்டார் அப்பா. டாக்டர் அப்பாவின் கேள்வியை ஒதுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் நீரிழிவுக்கும் வைரஸ் கிருமிகளுக்கும் தொடர்பு உண்டா என்று நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறார்கள் என்று சொன்னார்.

அந்தப் பேச்சு எப்படியோ வெளியே பரவிவிட்டது. தங்கை மீண்டும் பள்ளிக்கு வந்த நாளில், "வைரஸால் வந்ததாம், ஒட்டிக்கொள்ளுமாம்" என்று சொல்லிச் சிலர் தங்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். அன்று இரவு அவள் என்னிடம், "அக்கா, நான் ஒட்டுவேனா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் அறிவியல் ஆசிரியை சிஸ்டரிடம் போய் அழுதேன். "அழுது என்ன பயன்? படி, விளங்கிக்கொள், பிறகு எல்லோருக்கும் சொல்" என்று சில புத்தகங்களைத் தந்தார். அவற்றிலும் டாக்டரிடம் கேட்டும் நான் அறிந்ததைத் தங்கையின் சம்மதத்துடன் இங்கு எழுதுகிறேன்.

நீரிழிவு என்பது யாது?

நாம் உண்ணும் சோறும் இட்லியும் வயிற்றில் செரித்துக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை உடலின் செல்களுக்குள் நுழைந்தால்தான் நமக்குச் சக்தி கிடைக்கும். அதற்குக் கதவைத் திறந்துவிடும் திறவுகோல் இன்சுலின். இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் என்னும் சுரப்பி அதைச் செய்து தருகிறது. 1869-ஆம் ஆண்டு பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் மருத்துவ மாணவர், கணையத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, ஆற்றின் நடுவே மணல் திட்டுகள் தெரிவதுபோல ஆங்காங்கே சிறு செல் கூட்டங்கள் இருப்பதைக் கண்டார். இன்று அவற்றுக்கு அவர் பெயரையே வைத்து லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்கிறோம். அத்திட்டுகளில் உள்ள பீட்டா செல்களே இன்சுலினைச் சுரக்கின்றன.

இன்சுலின் இல்லாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை தேங்கி, சிறுநீரில் வழிந்து வெளியேறும். போகும்போது உடலின் நீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் தாகம். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் இந்நோயை மதுமேகம் என்று அழைத்தனர். இரத்தத்தில் சர்க்கரை இருந்தும் செல்கள் பட்டினி கிடப்பதால், உடல் தன் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது கீட்டோன் என்னும் பொருள்கள் உண்டாகி இரத்தத்தை அமிலமாக்கும். என் தங்கை வாயில் வந்த பழ வாசனை அதுதான். அவள் உடல் இழந்த நீரையே தாகமாகக் கேட்டது. நான் செம்பை ஒளித்து வைத்தேன்.

இந்நோயில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. நம் தாத்தா பாட்டிகளுக்கும் நடுவயதினருக்கும் பெரும்பாலும் வருவது இரண்டாம் வகை. அவர்கள் உடலில் இன்சுலின் சுரக்கும், ஆனால் உடல் அதற்குச் சரியாக இணங்காது. பரம்பரை, உடற்பருமன், உடலுழைப்பின்மை ஆகியவை அதற்குத் துணைபோகும். குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் பெரும்பாலும் வருவது முதலாம் வகை. இதில் பீட்டா செல்களே அழிந்துவிடுகின்றன. ஆகவே வாழ்நாள் முழுவதும் இன்சுலினை வெளியிலிருந்து செலுத்த வேண்டும். மிட்டாய் தின்பதால் இந்த முதலாம் வகை வருவதில்லை. பாட்டி இதை இப்போது ஒப்புக்கொண்டுவிட்டார்.

இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் இந்நோய் வந்த குழந்தைகள் ஓரிரு ஆண்டுகளுக்குள் எலும்பும் தோலுமாகி இறந்தனர். 1921-இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகிய இருவரும் கணையத்திலிருந்து அந்தச் சாற்றைப் பிரித்தனர். 1922 ஜனவரியில், முப்பது கிலோ எடைகூட இல்லாத லெனார்ட் தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் அது செலுத்தப்பட்டது. காலிப் என்பவர் அதைத் தூய்மையாக்கித் தந்த பின் அச்சிறுவன் தேறினான். மேலும் பதிமூன்று ஆண்டுகள் வாழ்ந்தான்.

வேலியே பயிரை மேய்ந்த கதை

பீட்டா செல்களை அழிப்பது யார்? இங்கேதான் வியப்பு. அழிப்பது வெளிப் பகைவன் அல்ல, நம் உடலின் காவற்படையே! கிருமிகளைக் கொல்வதற்கென்று உள்ள வெள்ளை அணுக்கள், தவறாகத் தம் சொந்த பீட்டா செல்களைப் பகை என எண்ணித் தாக்குகின்றன. வேலியே பயிரை மேய்ந்தது போன்ற கதை இது. 1974-ஆம் ஆண்டு பொட்டாஸோ, டெபோரா டோனியக் முதலியோர் நீரிழிவு நோயாளிகள் சிலரின் இரத்தத்தில், கணையத் திட்டுகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் கண்டறிந்தனர். அந்த எதிர்ப்பொருள்கள் நோய் வெளிப்படுவதற்குப் பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள் முன்னரே இரத்தத்தில் தோன்றிவிடும் என்பதும் பின்னர் தெரியவந்தது.

காவற்படை ஏன் புத்தி மாறியது? பரம்பரை ஒரு காரணம். சில வகை மரபணுக்கள் உள்ளவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் அது மட்டும் போதாது. ஒரே மரபணுக்களைக் கொண்ட ஒட்டு இரட்டையர்களில்கூட ஒருவருக்கு வந்தால் மற்றவருக்குக் கட்டாயம் வந்தே தீரும் என்பதில்லை. ஆகவே வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து தூண்டுகிறது என்று விஞ்ஞானிகள் ஊகித்தனர். அந்த ஐயம் முதலில் விழுந்தது வைரஸ்கள் மீதுதான்.

பொன்னுக்கு வீங்கி முதல் காக்ஸாக்கி வரை

1864-ஆம் ஆண்டிலேயே நார்வே நாட்டு மருத்துவர் ஒருவர், பொன்னுக்கு வீங்கி வந்து போன பின் ஒருவருக்கு நீரிழிவு வந்ததை எழுதி வைத்தார். 1927-இல் அதே நாட்டைச் சேர்ந்த குண்டர்சன் என்பவர், இந்நோய் தொற்றுக் கிருமியால் தொடங்குகிறதா என்னும் கேள்வியையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார். ஆனால் பிற்காலத்தில் பொன்னுக்கு வீங்கிக்குத் தடுப்பூசி வந்த பிறகும் பல நாடுகளில் இந்நோய் குறையவில்லை. ஆகவே முக்கியக் குற்றவாளி வேறு என்று தேடத் தொடங்கினர்.

1948-இல் அமெரிக்காவில் டால்டார்ஃப் என்பவரும் அவருடன் பணிபுரிந்தோரும், நியூயார்க் மாநிலத்தின் காக்ஸாக்கி என்னும் சிற்றூரைச் சேர்ந்த குழந்தைகளிடமிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அந்த ஊரின் பெயரே வைரசுக்கும் நிலைத்துவிட்டது. போலியோ வைரசுக்கு இது உறவு. குடலில் வளர்வதால் இந்தக் குடும்பத்துக்கு என்டெரோவைரஸ் என்று பெயர். இதில் 'பி' பிரிவு சாதாரணக் காய்ச்சல், தொண்டை வலி, வயிற்றுக் கோளாறு போன்றவற்றை உண்டாக்கும். பெரும்பாலோருக்குச் சில நாட்களில் தானே சரியாகிவிடும்.

1969-இல் இங்கிலாந்தில் கேம்பிள், டெய்லர் ஆகியோர் இரண்டு செய்திகளை வெளியிட்டனர். ஒன்று, இளம் வயதினருக்கு நீரிழிவு வெளிப்படுவது ஆண்டின் சில பருவங்களில் அதிகமாகிறது. மற்றொன்று, அண்மையில் இந்நோய் வந்தவர்களின் இரத்தத்தில் காக்ஸாக்கி பி-4 வைரசுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் மற்றவர்களைவிட அதிகமாக உள்ளன.

அடுத்து நான் படித்த செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. 1979-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி அது. அதுவரை ஆரோக்கியமாக இருந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சளிக்காய்ச்சல் போல ஒன்று வந்தது. சில நாட்களுக்குள் கடும் நீரிழிவு. மருத்துவமனையில் சேர்த்தும் ஏழு நாட்களில் இறந்துவிட்டான். யூன், நோட்கின்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் அவனுடைய கணையத்திலிருந்து காக்ஸாக்கி பி-4 வகையைச் சேர்ந்த வைரஸைப் பிரித்து, வளர்த்து, எலிகளுக்குச் செலுத்தினர். ஒருவகை எலிகளுக்குப் பீட்டா செல்கள் சிதைந்து இரத்தச் சர்க்கரை ஏறியது! பத்து வயது, காய்ச்சல், ஏழு நாட்கள். நான் புத்தகத்தை மூடிவிட்டுப் போய், தூங்கிக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா?

ஆனால் ஒரு நிகழ்ச்சியை வைத்து முடிவு கட்டிவிடலாகாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கைதான் தள்ளியது என்று சொல்லலாமா? பழம் முன்பே பழுத்துக் காம்பு இற்றிருக்கலாம் அல்லவா? குழந்தைகளுக்கு ஆண்டுக்குப் பல முறை காய்ச்சல் வருகிறது. எந்த நோய் வந்தாலும் அதற்கு முந்தைய மாதம் ஒரு காய்ச்சல் இருந்திருக்கும். மேலும், முதலாம் வகை நீரிழிவில் பீட்டா செல்கள் நீண்ட காலமாகக் கொஞ்சங்கொஞ்சமாக அழிந்து வந்த பிறகே தாகமும் மெலிவும் தோன்றும். என் தங்கையைப் பற்றி டாக்டர் சொன்னதும் இதுவே. "கயிறு எப்போதோ இற்றுப் போயிருந்தது. காய்ச்சலில் உடலுக்கு இன்சுலின் அதிகம் தேவைப்படும். அந்த இழுப்பில் அறுந்துவிட்டது. கயிற்றை இற்றுப்போகச் செய்தது எது என்பதுதான் கேள்வி" என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால் குழந்தை பிறந்தது முதலே கவனித்து வர வேண்டும். உலகிலேயே முதலாம் வகை நீரிழிவு மிகுதியாக உள்ள நாடு பின்லாந்து. அங்கே 1994-இல், மரபணுச் சோதனையில் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்த குழந்தைகளின் இரத்தத்தையும் மலத்தையும் ஆண்டுக்கணக்கில் சோதித்து வரும் ஆராய்ச்சி தொடங்கியது. பின்னர் அமெரிக்கா, பின்லாந்து, ஜெர்மனி, ஸ்வீடன் ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து 8,600-க்கும் மேற்பட்ட குழந்தைகளை இவ்வாறே கண்காணித்தன. 2019-இல் வெளியான முடிவு இது: என்டெரோவைரஸ் 'பி' பிரிவு கிருமி ஒரு முறை வந்து உடனே போய்விட்ட குழந்தைகளைவிட, ஒரே கிருமி நீண்ட நாட்கள் மலத்தில் தொடர்ந்து காணப்பட்ட குழந்தைகளுக்கே பீட்டா செல்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உண்டாகும் வாய்ப்பு அதிகம். அதாவது, வந்து போன விருந்தாளியால் கேடில்லை. போகாமல் தங்கிவிட்ட விருந்தாளியால்தான் கேடு.

2015-இல் நார்வே ஆராய்ச்சியாளர்கள், நோய் வெளிப்பட்டுச் சில வாரங்களே ஆன ஆறு பேரின் கணையத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, அந்தத் திட்டுகளில் என்டெரோவைரஸின் அடையாளங்கள் மிகச் சிறிய அளவில் இருந்தன. பீட்டா செல்களில், காக்ஸாக்கி வைரஸ் பற்றிக்கொண்டு உள்ளே நுழைவதற்கு ஏற்ற ஒரு புரதம் மிகுதியாக இருப்பதும் தெரியவந்துள்ளது.

வைரஸ் எவ்வாறு கேடு செய்யக்கூடும்? மூன்று வழிகளைக் கூறுகின்றனர். ஒன்று, அது நேராகவே பீட்டா செல்லைக் கொல்லலாம். இரண்டு, செல்லுக்குள் ஒளிந்து, உமிக்குள் நெருப்புப் போலக் கனன்றுகொண்டிருக்கலாம். அதை அணைக்க வரும் காவற்படை செல்லையும் சேர்த்து அழித்துவிடும். மூன்று, வைரஸின் புரதத்தின் ஒரு பகுதி பீட்டா செல்லின் புரதம் ஒன்றை ஒத்திருப்பதால், காவற்படை ஆள் மாறாட்டத்தில் சொந்தப் பிள்ளையை அடித்துவிடலாம்.

இதில் ஒரு புதிரும் உண்டு. பின்லாந்தை அடுத்து ரஷ்யாவின் கரேலியா என்னும் பகுதி உள்ளது. இரு புறத்து மக்களின் மரபணுக்களும் பெரும்பாலும் ஒத்தவை. என்டெரோவைரஸ் தொற்று கரேலியாவில்தான் அதிகம். ஆனால் நீரிழிவோ பின்லாந்துக் குழந்தைகளுக்குத்தான் சுமார் ஆறு மடங்கு அதிகம்! இதற்குச் சில விஞ்ஞானிகள் கூறும் விளக்கம் இது: கிருமி அதிகம் உலவும் இடத்தில் தாய்க்கு அதற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருக்கும். அவை கருவிலும் தாய்ப்பாலிலும் குழந்தைக்குச் செல்லும். அந்தக் காவல் இருக்கும்போதே குழந்தை கிருமியைச் சந்தித்துப் பழகிவிடும். காவல் இல்லாத குழந்தைக்குத்தான் அதே கிருமி ஆபத்தாகிறது. இது உறுதியாக நிரூபிக்கப்படவில்லை என்றாலும், கிருமி மட்டுமே காரணம் அல்ல, அது வரும் வயதும் வரும் வேளையும் சேர்ந்தே வினை செய்கின்றன என்பதை நமக்கு உணர்த்துகிறது.

பெண்பிள்ளைகள் அறிய வேண்டிய ரூபெல்லா

ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்ட ஓர் உதாரணமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்னும் கண் மருத்துவர், 1941-இல், கண்புரையுடன் பிறந்த குழந்தைகள் பலர் தம்மிடம் வருவதைக் கண்டு வியந்தார். விசாரித்தபோது, அவர்களின் தாய்மாருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை வந்திருந்தது தெரிந்தது. தாய்க்குச் சாதாரணக் காய்ச்சலும் சிறு தடிப்பும்தான். கருவிலிருந்த சிசுவுக்கோ கண், காது, இதயம் எல்லாம் பாதிப்பு. அக்குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பின், அவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவும் இருந்தது. பிறக்குமுன் வந்த வைரஸ், முப்பது ஆண்டுகள் கழித்தும் விடவில்லை!

இதைத் தடுக்க வழி இருக்கிறது. தடுப்பூசியின் பயனாக, 2015-இல் வட, தென் அமெரிக்க நாடுகள் ரூபெல்லா அற்றவை என அறிவிக்கப்பட்டன. நம் நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, முதலில் சேர்க்கப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அப்போது நான் முதல் வகுப்பு. ஊசி போட வருகிறார்கள் என்றதும் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டது நினைவிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளை நம்பிச் சில பெற்றோர் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. இன்று வீட்டுக்குப் போனதும், "எனக்கு ரூபெல்லா ஊசி போட்டாயிற்றா அம்மா?" என்று ஒவ்வொரு மாணவியும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அது நமக்காக மட்டும் அல்ல, நாளை நாம் பெறப்போகும் குழந்தைகளுக்காகவும்.

பிற வைரஸ்கள்

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸும் ஐயத்துக்குரிய பட்டியலில் உள்ளது. ஆஸ்திரேலியாவில் 2007-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் அதன் தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்கிய பின், நான்கு வயது வரையுள்ள குழந்தைகளிடம் முதலாம் வகை நீரிழிவு 14 சதவீதம் குறைந்ததாக 2019-இல் தெரிவித்தனர். எல்லா நாடுகளிலும் இப்படித் தெரியவில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-சி வைரஸ், பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவின் வாய்ப்பைக் கூட்டுகிறது. 2020-இல் உலகெங்கும் பரவிய கொரோனாவுக்குப் பின்னும் பல நாடுகளில் புதிதாக நீரிழிவு வந்த குழந்தைகளின் எண்ணிக்கை உயர்ந்தது. வைரஸே நேர்க் காரணமா, வேறு காரணங்களும் சேர்ந்தனவா என்பது விஞ்ஞானிகளிடையே இன்னும் முடிவாகவில்லை.

ஒட்டுமா, ஒட்டாதா?

இப்போது என் தங்கையின் கேள்விக்கு வருகிறேன். வைரஸ் ஒட்டும், நீரிழிவு ஒட்டாது. ஒரே தீப்பொறி நூறு இடங்களில் விழுகிறது. ஈர மண்ணில் விழுந்தால் அணைந்துவிடும். காய்ந்த வைக்கோலில் விழுந்தால்தான் பற்றும். காக்ஸாக்கிக் காய்ச்சல் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நீரிழிவு வருவதே இல்லை. நீரிழிவு வெளிப்படும்போது, தொடக்கத்தில் வந்த கிருமி பெரும்பாலும் எப்போதோ அடங்கியிருக்கும். ஆகவே அவளோடு உண்ணலாம், ஒரே பாயில் உறங்கலாம், அவள் குடித்த செம்பில் நீர் குடிக்கலாம். தள்ளி உட்கார்ந்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தெரியாமல் செய்தார்கள். நானும் தெரியாமல்தான் செம்பை ஒளித்து வைத்தேன்.

அம்மாவின் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இது யார் செய்த பாவமும் அல்ல, யாருடைய கவனக்குறைவும் அல்ல. எந்தத் தாயும் தன் குழந்தைக்கு வரும் எல்லாக் காய்ச்சலையும் தடுத்துவிட முடியாது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, அடையாளங்களை மறவாதிருத்தல். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், நன்றாக உண்டும் மெலிதல், ஓயாத சோர்வு, படுக்கையை நனைக்காத குழந்தை திடீரென நனைத்தல். இவற்றில் எது இருந்தாலும் அன்றே சர்க்கரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு சொட்டு இரத்தம் போதும். வாந்தி, வயிற்று வலி, வேக மூச்சு, பழ வாசனை ஆகியவை சேர்ந்துவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலாகாது.

இரண்டாவது, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுதல். என்டெரோவைரஸ்கள் பெரும்பாலும் மலத்திலிருந்து கை வழியாகவும், இருமல் தும்மல் வழியாகவும் பரவுகின்றன.

மூன்றாவது, உரிய தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டுக்கொள்ளுதல்.

நான்காவது, நீரிழிவு உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மிகுந்த கவனம். "சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு?" என்று இன்சுலினை நிறுத்திவிடலாகாது. காய்ச்சலில் சர்க்கரை ஏறவே செய்யும். டாக்டரைக் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, வகுப்பில் அவள் அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்டாலோ, நடுவில் ஏதேனும் உண்ண நேர்ந்தாலோ சிரிக்காமல் இருத்தல். அவள் கை நடுங்கி வியர்த்தால் சர்க்கரை குறைந்துவிட்டது என்று பொருள். உடனே சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுத்துவிட்டு ஆசிரியையிடம் சொல்ல வேண்டும்.

விடியல் வரும்

ஆராய்ச்சி நிற்கவில்லை. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் வெளிப்பட்டுச் சில வாரங்களே ஆன 96 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இரண்டு வைரஸ் எதிர்ப்பு மருந்துகளை ஆறு மாதங்கள் கொடுத்தனர். ஓராண்டு முடிவில், மருந்து பெற்றவர்களின் உடல் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகச் சொந்த இன்சுலினைச் சுரந்தது. நோய் குணமாகிவிடவில்லை. ஆனால் வைரஸுக்கு இதில் பங்கு உண்டு என்பதற்கு இது மேலும் ஒரு சான்று. காக்ஸாக்கி 'பி' வைரசுக்கு எதிரான தடுப்பூசி ஒன்றும் மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனையைக் கடந்துள்ளது. போலியோவை நம் நாட்டிலிருந்து விரட்டியது போல, ஒரு நாள் இந்நோயையும் தொடக்கத்திலேயே தடுத்துவிடலாம் என்று நம்புவோமாக.

என் தங்கை இப்போது நாளுக்கு நான்கு ஊசிகள் போட்டுக்கொள்கிறாள். இரண்டைத் தானே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டாள். தட்டில் எத்தனை இட்லி என்று எண்ணிப் பார்த்து அளவு சொல்வதில் அம்மாவையே மிஞ்சிவிடுகிறாள். விளையாட்டு விழாவில் ஓடி மூன்றாம் பரிசும் வாங்கினாள். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் ஒருத்திதான் அன்று அவளுக்குக் குளுக்கோஸ் டப்பாவைப் பிடித்துக்கொண்டு ஓடுபாதையின் முடிவில் நின்றாள்.

ஒவ்வோர் இரவும் படுக்குமுன் நான் செம்பைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, அவள் தலைமாட்டில் வைக்கிறேன். இப்போதெல்லாம் அவள் இரவில் எழுந்து குடிப்பதில்லை. இருந்தாலும் வைக்கிறேன்.